மீதி நாள்

2025 ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு என் அம்மா ஆயிரம் பிறை கண்டவள் ஆனாள். ஜோசியரைக் கேட்கவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் நானே கணக்குப் போட்டேன். அம்மா பிறந்தது 1944 ஆகஸ்ட் 9, தாரண வருஷம், ஆடி மாதம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்த பௌர்ணமிக்கும் நடுவில் சராசரியாக 29.53059 நாள். ஆயிரம் தடவை வந்துபோக 29,530 நாளும் இன்னொரு அரை நாளும் ஆகும். இதை வருஷமாக்க 365-ஆல் வகுத்தால் 80 வருஷம் 330 நாள் என்று வரும். அது தப்பு. அம்மாவின் ஆயுளுக்குள் இருபது பிப்ரவரி 29 வந்துபோயிருக்கின்றன. அவற்றைக் கழித்தால் 80 வருஷம் 310 நாள். பேச்சுவழக்கில் எண்பது வருஷம் எட்டு மாதம் என்பார்கள். அப்படி எடுத்தால் இரண்டு மூன்று நிலா குறைந்துபோகும். அம்மாவின் கணக்கில் ஒரு நிலாவும் குறையக் கூடாது என்று எனக்கு இருந்தது.

அத்தையிடம் போனில் சொன்னேன். "அண்ணன் இருந்திருந்தா திருக்கடையூர்ல சதாபிஷேகம் பண்ணிக் கண்ணாரப் பாத்திருக்கலாம்டி" என்றார். பிரியத்தோடு சொன்னதுதான். அப்பா 2011 தையில் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் அறுபதானாலும் எண்பதானாலும் மாலை மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு விழா கிடையாது. போனவர் கணவர் என்றால் அந்தப் பேச்சே எழாது. போனை வைத்த பிறகு நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு மட்டும் நூற்றெழுபதுக்கு மேல் பௌர்ணமி வந்திருக்கிறது. அவற்றைப் பார்த்ததும் அதே கண்கள்தானே? எந்த நாள் கணக்கில் சேரும், எது சேராது, அதைச் சொல்ல யாருக்கு உரிமை?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டு இதற்குத்தான் பதில் எழுதினேன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு பெறப்போகிறவர்களின் பணிப்பதிவேடான எஸ்.ஆர். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, சேர்ந்த தேதியிலிருந்து போகும் தேதி வரை நாட்களை வருஷமும் மாதமும் ஆக்குவது என் மேசையின் வேலை. மாதத்துக்கு 30 நாள். மொத்தத்திலிருந்து கழிக்க வேண்டியதைக் கழிக்க வேண்டும்: மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த ஊதியமில்லா விடுப்பு, வேலைநிறுத்த நாட்கள், 'டைஸ் நான்' என்று ஆணை போட்ட நாட்கள். அது லத்தீன் சொல்லாம். நாளே அல்லாத நாள் என்று அர்த்தமாம். எங்கள் அலுவலகத்தில் கடைநிலை ஊழியர் வரை எல்லார் வாயிலும் அந்தச் சொல் புழங்கும். கழித்து நிற்பதை அரையாண்டுகளாக்குவோம். முழு ஓய்வூதியத்துக்கு அறுபது அரையாண்டு. கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும் மிச்சம் மூன்று மாதமோ அதற்கு மேலோ இருந்தால் அது ஓர் அரையாண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைந்தாலும் பூஜ்யம்.

எங்கள் அலுவலகக் காவலர் ஒருவர் ஓய்வு பெற்றார். சேர்ந்த நாளிலிருந்து 27 வருஷம் 3 மாதம் 5 நாள். நடுவில் 9 நாள் ஊதியமில்லா விடுப்பு, சான்று இல்லாமல். அவருடைய தாய் சாகக் கிடந்தபோது கையில் வேறு விடுப்பு மிச்சமில்லாமல் போய் உட்கார்ந்திருந்த ஒன்பது நாள். நோய் தாய்க்கு, அவருக்கு யார் சான்று கொடுப்பார்கள்? கழித்தேன். 27 வருஷம் 2 மாதம் 26 நாள். நாலு நாள் குறைந்தது. ஐம்பத்தைந்து அரையாண்டு ஐம்பத்து நாலானது. "நாலு நாளுக்கா அம்மா?" என்று கேட்டார். "ரூல் அப்படி" என்றேன். அதைச் சொல்லும்போது தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த ஒன்பது நாளும் அவர் வாழ்வின் மிகப் பெரிய கடமையில் கழிந்த நாட்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பச்சை மையில் சுழித்தேன். கணக்கில் தப்பில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பச்சைச் சுழி என் மனதில் கிடக்கிறது.

நாளை வருஷமாக்கும்போது மிச்சம் விழாமல் இருக்காது. வானமே அப்படித்தான் வைத்திருக்கிறது. நம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு வருஷம் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி 15 தற்பரை. மணிக்கணக்கில் 365 நாள், 6 மணி, 12 நிமிடம், 30 வினாடி. நாழிகையைப் போட்டுவிட்டு விநாடி, தற்பரை என்று இறங்கி எழுதிவைத்தவர்கள் மேல் எனக்கு அளவற்ற மரியாதை. வருஷம் என்பது நம் வசதிக்கு வைத்துக்கொண்ட மூட்டை. உள்ளே இருப்பது நாள். அதனால்தான் அந்தக் காலத்து வானநூலார் வருஷத்தை நம்பாமல் நாளையே எண்ணினார்கள். கலியுகம் பிறந்த வெள்ளிக்கிழமையை ஒன்று என்று வைத்து, விடாமல் எண்ணிக்கொண்டே வரும் எண் அது. அகர்கணம் என்று பெயர்.

விழுப்புரம் மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையில் கிராமம் என்றே பெயருள்ள ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள சிவன் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கலியுக வருஷம் 4044 என்று சொல்வதோடு நிற்காமல், கலி பிறந்து 14,77,037-ஆம் நாள் என்றும் சொல்கிறது. 943 ஜனவரி 14-க்குச் சரியாக வருகிறது. பதினாலு லட்சத்து எழுபத்தேழாயிரத்து முப்பத்தேழு! அதில் அந்த ஏழு எனக்குப் பிடித்திருக்கிறது. சொச்சம் என்று தள்ளியிருக்கலாம், தள்ளவில்லை. அந்த எண்ணை ஏழால் வகுத்துப் பார்த்தேன். ஈவு இரண்டு லட்சத்துச் சொச்சம். அது எதற்கும் உதவாது. மீதி இரண்டு. வெள்ளி ஒன்று, சனி இரண்டு. அன்றைக்குச் சனிக்கிழமை. ஆயிரத்து எண்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு நாளின் கிழமையை மீதிதான் சொல்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். குருவாயூரப்பன் சன்னிதியில் வாதநோயின் வலியோடு மேல்பத்தூர் நாராயண பட்டத்திரி பாடிய நாராயணீயம், நீண்ட ஆயுளும் நோயற்ற சுகமும் வேண்டும் ஒரு வாழ்த்தோடு முடிகிறது. எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் அந்தக் கடைசிச் சொற்களைப் படித்து, எண்களைத் திருப்பிப் போட்டால் 17,12,210 வரும். 1586-இல் அவர் அதை முடித்த நாளின் கலி எண் அது. ஆயுள் வேண்டும் என்ற சொல்லுக்குள்ளேயே அன்றைய ஒரு நாளைப் பொதிந்து வைத்திருக்கிறார். வலியோடு இருப்பவனுக்கு வருஷம் எண்ணத் தோன்றாது. இன்றைய நாளை எப்படிக் கடப்பது என்பதுதான் அவன் கவலை. படுக்கையில் இருந்த அப்பாவைப் பார்த்துக்கொண்ட மாதங்களில் இதை நான் கண்டேன்.

விழா இல்லையென்றால் போகட்டும், அம்மாவுக்கு ஒரு நாளையாவது திருப்பிக் காட்டலாம் என்று தோன்றியது. அப்பாவின் மணிவிழா 1999-இல், அவர் பிறந்த பிரமாதி வருஷம் அறுபது கழித்துத் திரும்பிவந்த வைகாசியில், திருக்கடையூரில் நடந்தது. அதன் வீடியோ கேசட் ஒன்று பீரோவின் மேல்தட்டில் கிடந்தது. முதலில் ஒரு கடையில் கொடுத்து மாற்றி வாங்கினேன். மூன்று மணி நேரக் கேசட்டை நாற்பது நிமிடமாக வெட்டி, நாகஸ்வரத்தை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைச் சேர்த்துக் கொடுத்தார்கள். "தேவையில்லாததையெல்லாம் எடுத்தாச்சு மேடம்" என்றார் கடைக்காரப் பையன். அவனைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்த வேலையைத்தான் செய்துவந்தேன். அசல் கேசட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நானே இறங்கினேன். தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் பழைய வி.சி.ஆர். ஒன்றை இரவல் வாங்கினேன். கேசட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. அவரே மூடியைக் கழற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் ஓரம் ஓரமாகத் துடைத்துக் கொடுத்தார். மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூன்று பின்களையும் ஒரு சின்ன யூ.எஸ்.பி. கருவியில் செருகி, மகனின் பழைய லேப்டாப்பில் பதியவிட்டேன். அப்போது ஒன்று கற்றுக்கொண்டேன். கணினிக்குள் வந்துவிட்ட கோப்பு எவ்வளவு பெரியதானாலும் சில நிமிடத்தில் நகலாகிவிடும். டேப் அப்படி வராது. 2 மணி 50 நிமிடம் ஓடியதை எடுக்க 2 மணி 50 நிமிடம் உட்கார வேண்டும், முந்தவிட்டால் பதியாது. அப்பாவின் அந்தக் காலைப்பொழுது தன் நேரத்தை முழுசாக வாங்கிக்கொண்டது. மஞ்சள் நீராட்டிலிருந்து பந்தி வரை நானும் கூடவே இருந்தேன்.

டிவிக்குக் கொண்டுபோவதற்குக் கோயம்புத்தூரிலிருந்து மகன் போனில் வழி சொன்னான். லேப்டாப்பில் உபுண்டு போட்டு, அதன்மேல் ஜெல்லிஃபின் என்ற இலவச மென்பொருளை நிறுவினேன். நம் வீட்டுப் படங்களும் பாட்டும் நம் வீட்டு லேப்டாப்பிலேயே இருக்கும். ஹாலில் இருக்கும் டிவி, அறையில் இருக்கும் போன் எதிலிருந்து கேட்டாலும் அது அனுப்பிவைக்கும். வெளியே எங்கேயும் போவதில்லை. முதல் நாள் படம் வந்தது. நாலு நிமிடத்துக்கு ஒரு தரம் நின்று சுற்றியது. அந்தக் கிழ லேப்டாப் ஓடும்போதே உருமாற்றிக் கொடுக்கத் திணறுகிறது என்று மகன் சொன்னான். ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, டிவி நேராக வாசிக்கக்கூடிய எச்.264 எம்.பி.4 கோப்பாக முன்கூட்டியே மாற்றிவைத்தேன். வைஃபை சுவரைத் தாண்டத் தடுமாறியது. 15 மீட்டர் கேபிள் வாங்கி நிலைப்படி ஓரமாக இழுத்தேன். மறுநாள் கரண்ட் போய் வந்ததும் டிவிக்கு லேப்டாப் எங்கே என்றே தெரியவில்லை. ரூட்டர் அதற்குப் புது முகவரி கொடுத்துவிட்டிருந்தது. ரூட்டருக்குள் போய் அந்த முகவரியை லேப்டாப்புக்கென்றே நிறுத்திவைத்தேன். வாசல்படியில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குவது போல ஒவ்வொரு அடியாகத்தான் நடந்தது இதெல்லாம்.

ஒரு காட்சி மட்டும் என்னை நிறுத்திவிட்டது. பதிந்த கோப்புகளில் ஒன்று தேதி இல்லாமல் வந்திருந்தது. லேப்டாப் அதன் பக்கத்தில் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டியது. மகனிடம் கேட்டேன். யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் எல்லாம் கிரீன்விச் நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து வினாடிகளை எண்ணுகின்றனவாம். 86,400-ஆல் வகுத்தால் நாள். தேதி இல்லையென்றால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் அந்த நேரம். இந்தியாவில் அது விடியற்காலை ஐந்தரை. கணினியும் அகர்கணம்தான் வைத்திருக்கிறது, கலி பிறந்த நாளுக்குப் பதில் வேறொரு நாளிலிருந்து. அந்த ஐந்தரை மணியை நான் எண்ணிப் பார்த்தேன். அது மார்கழி மாதம். எனக்கு ஐந்து வயது. மயிலாடுதுறையில் எங்கள் தெருவில் அம்மா அந்த நேரத்துக்குச் சாணம் தெளித்து முடித்து, பனியில் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு, கோலத்தின் நடுவில் பூசணிப்பூ வைத்துக்கொண்டிருந்திருப்பாள். அந்தக் கணினிகளெல்லாம் சுழியம் என்று எழுதும் வினாடியில் அவள் வேலையில் இருந்தாள். அந்தக் கோலத்தை எட்டு மணிக்குள் சைக்கிளும் மாட்டுவண்டியும் அழித்திருக்கும். மறுநாள் வேறு கோலம்.

ஓய்வு பெறுவதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு வருஷம், திருவாவடுதுறை ஆதீனம் நடத்தும் சைவ சித்தாந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். முப்பத்தாறு தத்துவங்களில் காலமும் ஒன்று என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். வித்தியா தத்துவம் ஏழில் அது ஒன்று, மாயையில் தோன்றியது. கழிந்ததற்கு எல்லை கட்டுவது, நிகழ்வதில் பயனைக் காட்டுவது, வரப்போவதைப் புதுமையாக வைத்திருப்பது என்று காலத்துக்கு மூன்று வேலை என்பதை, திருவதிகை மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கத்தை வைத்து ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். காலம் சடம், அதற்கு அறிவில்லை, தானாக எதையும் எண்ணாது, அதைச் செலுத்துபவன் வேறு. எனக்கு அன்றைக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நான் இத்தனை வருஷம் காலத்தின் பெயரைச் சொல்லித்தான் நாட்களைக் கழித்தேன். காலத்துக்கு அந்த அதிகாரமே இல்லையாம்.

உள்ள பொருள் அழியாது, காரணத்தில் ஒடுங்கும் என்று சொன்னபோது எழுந்து கேட்டேன்: "ஐயா, நேற்றைய நாள் ஒடுங்கி இருக்கிறதா, இல்லாமல் போய்விட்டதா?" ஆசிரியர் கொஞ்சம் யோசித்தார். பானை உடைந்தால் மண்ணாக ஒடுங்கும், நாள் பொருளில்லையே, பொருள்கள் மாறுவதன் அளவுதானே என்றார். சரியான பதில்தான். ஆனால் எனக்கு அடங்கவில்லை. ஒரு நாளில் செய்த செயல் வினையாக நிற்கிறது என்று அதே சித்தாந்தம் சொல்கிறது. ஊழ்த்த வினை உண்டு கழிய வேண்டும் என்கிறது. செயல் நிற்குமானால், அது நடந்த நாளை முழுக்க இல்லாமல் போனது என்று எப்படிச் சொல்வது?

அதைவிட அதிகமாக என்னைக் குடைந்தவர் அப்பர். தில்லைப் பெருமானைப் பேசாமல் விட்ட நாட்களைப் பிறந்தே இராத நாட்களின் கணக்கில் சேர்த்துவிட்டார் அவர். முதல் தடவை படித்தபோது 'டைஸ் நான்' என்று என் வாய் தானாக முணுமுணுத்தது. இறைவனின் அலுவலகத்திலுமா? அப்படியென்றால் சமையலும் பிள்ளைப்பேறும் நோயும் கடனுமாக அம்மா தேவாரம் சொல்ல ஒழியாத நாட்கள்? அந்தக் காவலர் தன் தாயின் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒன்பது நாள்?

பிறகு பெரிய புராணத்தில் அவர் வரலாற்றை மறுபடி படித்தபோது எனக்கு வேறு மாதிரி விளங்கியது. மருள்நீக்கியாராகப் பிறந்து, சமணத்தில் தருமசேனராகப் பெரும்பதவியில் இருந்து, சூலை நோய் வந்த பிறகு திருவதிகைக்குத் திரும்பியவர் அவர். பேசாத நாட்கள் அவரிடமே ஏராளம். அவர் மற்றவர்களின் எஸ்.ஆர். புத்தகத்தைப் புரட்டிக் கழிக்கவில்லை. தன்னுடைய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறார். அந்த நாட்களும் வீணாகிவிடவில்லை. அவர் பேசாதிருந்த நாளெல்லாம் அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயிலில் விடியுமுன் அலகிட்டு, மெழுகி, பூப்பறித்து, தம்பியைத் திருப்பித் தரும்படி கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியின் வெற்று நாட்களை அக்கா தன் துடைப்பத்தால் நிரப்பிக்கொண்டே இருந்தார். ஒருவருடைய நாள் இன்னொருவர் கணக்கில் வரவாகலாம் என்றுதான் நான் அதைப் படிக்கிறேன். எந்த அரசு விதியிலும் அதற்கு இடமில்லை.

இதற்குச் சான்று தேடி நான் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரித் துலாக்கட்டத்தில் முழுகினால் கங்கையில் முழுகிய புண்ணியம் என்று ஜனங்கள் வந்துகொண்டிருப்பார்கள். மாதத்தின் கடைசி நாள் கடைமுழுக்கு. ஊரே திரளும். அதோடு கணக்கு முடிந்தது. ஆனால் கால் நடக்க முடியாத ஒருவன் எங்கிருந்தோ தவழ்ந்து தவழ்ந்து வந்துசேரும்போது கார்த்திகை ஒன்று விடிந்துவிட்டது. இறைவன் அவனுக்கு அந்த நாளையும் ஐப்பசியாகவே ஏற்றுக்கொண்டான் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அது முடவன் முழுக்கு. இன்றைக்கும் கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் அந்தப் படித்துறையில் கூட்டம் இருக்கும். சின்ன வயதில் அம்மா எங்களைப் பெரும்பாலும் அன்றைக்குத்தான் கூட்டிப்போவாள். கடைமுழுக்கன்று வீடு நிறைய விருந்தாளி, அவளால் நகர முடியாது. குளிரில் பல் தந்தியடிக்க நான் முழுகி எழும்போது, "இன்னிக்கும் உண்டுடி, நமக்குன்னு வச்சிருக்கு" என்பாள்.

அந்த ஊரில் வளர்ந்து, அந்தப் படித்துறையில் முழுகி எழுந்த நான்தான் நாலு நாளுக்கு ஓர் அரையாண்டைக் கழித்தேன். விதியை நான் மாற்றியிருக்க முடியாது. தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்திருக்கலாம். உன் தாய்க்காக இருந்த ஒன்பது நாளும் எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். போன கார்த்திகை முதல் தேதி முழுகும்போது அவர் பெயரைச் சொல்லி ஒரு முழுக்குப் போட்டேன். என் நாளிலிருந்து அவர் கணக்குக்கு.

ஜூன் 15 அன்று அம்மாவை மயூரநாதர் கோயிலுக்கு ஆட்டோவில் கூட்டிப்போய் வந்தோம். அபயாம்பிகை சன்னிதியில் ஒரு சின்ன அர்ச்சனை. அத்தையும் வந்திருந்தார், வீட்டுக்கு வந்ததும் அவரே அம்மாவுக்கு ஒரு புதுப்புடவையைக் கொடுத்து, காலைத் தொட்டு வணங்கினார். நான் எதையும் கேட்கவில்லை, அவராகச் செய்தார். பால் பாயசம் வைத்தேன்.

சாயங்காலம் விளக்கு ஏற்றிய பிறகு டிவியைப் போட்டேன். அம்மாவுக்குக் காது மந்தம், கண் நன்றாகத் தெரியும். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். கோயில் மண்டபம், கலசங்கள், ஹோமப் புகை. சல்லடை வழியாக அப்பாவின் தலையில் தண்ணீர் இறங்குகிறது. பக்கத்தில் ஐம்பத்து நாலு வயது அம்மா, மூக்குத்தி மின்ன, குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு. அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டாள், தெரிந்தவரைத் தெருவில் பார்த்தால் ஆட்டுவது போல. ஒரு மணி நேரம் ஓடியிருக்கும்.

"நிறுத்து, நிறுத்து."

ரிமோட்டை அமுக்கினேன். "பின்னாடி போ." போனேன். மாலை மாற்றும் காட்சி. கேமராக்காரர் கூட்டத்தைச் சுற்றிக் காட்டுகிறார். தூணோரமாக ஒரு பெண் பித்தளைச் செம்போடு இடமிருந்து வலமாகப் போகிறாள். யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும், அரைவாசி திரும்பிச் சிரிக்கிறாள். தூண் மறைத்துவிடுகிறது. நாலே வினாடி. சித்தி. அம்மாவின் ஒரே தங்கை. அடுத்த வருஷம் ஆவணியில் போய்விட்டவள். வீட்டில் அவளுக்கு நல்ல படம் ஒன்றுகூடக் கிடையாது. பதியும்போது முழுநேரமும் உட்கார்ந்து பார்த்த என் கண்ணில்கூட அவள் படவில்லை. கடைக்காரப் பையன் வெட்டியெறிந்த 'தேவையில்லாத' இடத்தில் இருந்தாள்.

"சின்னவ" என்றாள் அம்மா. டிவிக்குப் பக்கத்தில் போய், உறைந்து நின்ற படத்தில் செம்பின் மேல் விரலை வைத்தாள். "இதுல மோரு. அன்னிக்கு வியாழக்கிழம. அவளுக்கு விரதம். பாயசம் வேண்டாம்னுட்டு மோர மட்டும் குடிச்சா."

நான் காலண்டர் தாளை எடுத்தேன். பழக்கம் விடவில்லை. கேசட் மேல் அப்பாவின் கையெழுத்தில் 10-6-1999 என்று இருந்தது. அதிலிருந்து இன்று வரை இருபத்தாறு வருஷமும் ஐந்து நாளும்; நடுவில் ஏழு பிப்ரவரி 29. மொத்தம் 9,502 நாள். ஏழால் வகுத்தேன். மீதி மூன்று. ஞாயிற்றிலிருந்து மூன்று நாள் பின்னால் போனால் வியாழன்.

"வியாழந்தாம்மா" என்றேன், காதருகில் குனிந்து.

"நான்தான் சொன்னேனே" என்றாள். விரலை எடுக்கவில்லை. "இன்னொருவாட்டி போடு. அவ திரும்புற எடத்துலேருந்து."